கேக் வாங்கி வைத்த வீடு

பண்டமாரான்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள பெர்னிஸ் அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நான்கு பேரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பதாகப் பேஸ்புக் சொல்கிறது.

உணவுக்கூடையைப் பற்றி வாட்ஸ்அப்பில் எழுதாதே, யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஊருக்கே காட்டிவிடுவார்கள், கேட்பதைத் தாளில் எழுதி என் வீட்டுக்கு அனுப்பு என்றாய். சரி என்று தபால் நிலையத்துக்குப் போனேன். கடிதத்துக்குத் தபால்தலை கேட்டதும் கவுண்டரில் இருந்த பெண் என்னை மியூசியத்திலிருந்து தப்பி வந்தவளைப் போலப் பார்த்தாள்.

கென்னத்தின் முதுகு உனக்குத் தெரியும். போர்ட்டில் கண்டெய்னர் கதவு இடித்ததிலிருந்து அவரால் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. உட்கார முடியாத ஆளுக்கு எவன் லோரி கொடுப்பான்? முதலாளி டவுகே, வேலையில் அடிபட்டால் காசு தரும் சொக்சோவுக்குப் பணம் கட்டியிருப்பான் என்று நம்பிக்கொண்டிருந்தோம். கட்டவே இல்லை. போய்க் கேட்டதற்கு, "நீ என் ஆளே இல்ல லா, கொன்ட்ராக்ட்" என்று சொல்லிவிட்டு போனில் எதையோ பார்க்க ஆரம்பித்துவிட்டான். இத்தனை வருடம் அவன் பெயர் எழுதிய லோரியைத்தான் கென்னத் ஓட்டினார். அவன் பெயர் எழுதிய பனியனைத்தான் போட்டிருந்தார்.

நான் கிடங்கில் பொட்டலம் கட்டி வாங்குவது வாடகைக்கும் கரண்டுக்கும் போய்விடுகிறது. மிச்சமிருந்தால் சோறு. இல்லாத வாரம் மெகி நூடுல்ஸ். சின்னவன் கால்வினுக்கு இப்போது மெகியின் வாசனை வந்தாலே வயிறு வலிக்கிறது.

அதனால் உன் சேவை மையம் கொடுக்கிற அரசாங்க உணவுக்கூடைக்கு மனுப் போட்டிருக்கிறேன். மாதாமாதம் அரிசி, எண்ணெய், கோதுமை மாவு, சார்டின், பால்மாவு. நீ அங்கே வேலை செய்கிறாய் என்பதற்காகக் கேட்கவில்லை. எங்களுக்குத் தகுதி இருக்கிறது, அதற்காகக் கேட்கிறேன். வீட்டைப் பார்க்க வருவார்களாமே, வந்து என்ன பார்ப்பார்கள்? அதை மட்டும் சொல், போதும்.

ஜூனில் வெரோனிகா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிறாள், புதுநன்மை. ஞானத்தாய் என்ன நிறத்தில் சேலை கட்டுவாள் என்று உன் ஞானமகள் தினமும் கேட்கிறாள்.

உன் தங்கை,
கிளாரிசா

*

பிரிக்பீல்ட்ஸ்
27 பிப்ரவரி 2025

என் பாசமுள்ள கிளாரிசா,

ஆண்டவர் உன் வீட்டை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாராக. உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் அப்படியே கோணலாகத்தான் இருக்கிறது.

வீட்டைப் பார்க்க மூன்று பேர் வருவோம். பாலன் என்று ஒரு தம்பி, மலாய்க்காரப் பெண் ஒருத்தி, அப்புறம் நான். பண்டமாரான் என் பகுதி, தட்ட முடியாது. அதனால் கவனமாகக் கேள். அன்றைக்கு நான் உன் அக்கா இல்லை. எல்லோரும் கூப்பிடுவது போல 'மேடம்' என்று கூப்பிடு. பிள்ளைகளுக்கும் சொல்லி வை. வெரோனிகா 'பெரியம்மா' என்று ஓடி வந்து கட்டிப்பிடித்தால் உன் மனு அங்கேயே செத்துவிடும்.

வீட்டைச் சுத்தமாக வை. சில வீடுகளுக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைய வேண்டியிருக்கிறது. ரபேலின் மகள் வீடு அப்படி இருந்தால் எனக்குத்தான் அவமானம். அப்பா ரயில்வேயில் இருந்தவரைக்கும் நாம் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. வருகிறவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடு. மரியாதையைப் பார்த்தால் அவர்கள் மனமும் இளகும். கென்னத்தைச் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு நிற்கச் சொல். வந்தவர்கள் சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது.

இந்த வருடம் மையத்தின் பொறுப்பாளர் பதவிக்கு என் பெயரும் போயிருக்கிறது. ஜெபத்தில் நினைத்துக்கொள்.

சேலை இளநீலம். என் ஞானமகளிடம் சொல்லிவிடு.

என்றும் உன் நலம் விரும்பும்,
அக்கா பெர்னிஸ்

*

பண்டமாரான்
18 மார்ச் 2025

அக்கா,

முடிவு வந்துவிட்டது. போனில் இரண்டே வார்த்தை, 'டாக் லாயாக்'. தகுதி இல்லையாம்.

நீ சொன்னதை ஒன்று விடாமல் செய்திருந்தேன். தரையை மூன்று தடவை துடைத்தேன். பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி அக்காவிடம் மெத்தை வைத்த நாற்காலிகளை இரவல் வாங்கிப் போட்டேன். பிள்ளைகளுக்குக் கோயில் உடுப்பு. முட்டைக்கென்று எடுத்து வைத்திருந்ததில் ஒரு பட்டர் கேக்கும் பெரிய போத்தல் ஆரஞ்சும் வாங்கி பிரிட்ஜில் வைத்தேன். நம் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்படித்தானே செய்வோம். கடன் கேட்டு வந்தவனுக்குக்கூட அம்மா ஆரஞ்சு கலக்கித்தான் கொடுப்பாள்.

அந்தப் பாலன் செருப்போடு உள்ளே வந்தான். அவனுக்கு முப்பது வயது இருக்கும், எனக்கு முப்பத்து நான்கு. "ஆன்டி, வீடு பளபளன்னு இருக்கே, வேலைக்காரி வெச்சிருக்கீங்களா?" என்றான். ஆன்டியாம். பிறகு யாரையும் கேட்காமல் பிரிட்ஜைத் திறந்தான். என் அலமாரியைத் திறந்து உள்பாவாடையை எண்ணியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கூசியிருக்காது.

"கேக்கா? நல்லா சாப்பிடுறீங்க போல."

"அது உங்களுக்குத்தான் தம்பி வாங்கினோம்" என்றார் கென்னத்.

"அப்ப வெட்டுங்க லா, அண்ணே!"

வெட்டினோம். நோன்பிருந்த மலாய்க்காரப் பெண் தொடவில்லை, பாலன் வெட்ட வெட்டத் தின்றான், நீயும் சாப்பிட்டாய். தவக்காலம் முடியும்வரை இனிப்பைத் தொட மாட்டேன் என்று நீ பேஸ்புக்கில் சிலுவைப் படத்தோடு போட்டிருந்தாய். இரண்டாவது துண்டை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்ததையும் நான் பார்த்தேன். பிள்ளைகளுக்கு மிஞ்சியது தூள்தான்.

அந்த மலாய்க்காரப் பெண் ஒருத்திதான் ஒழுங்கான கேள்வி கேட்டாள். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கென்னத் என்ன சொன்னார் தெரியுமா? "பரவாயில்ல, இப்ப நல்லா இருக்கு." முதுகுப் பெல்ட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, நெற்றியில் வியர்வை வடிய, சிரித்தபடி அதைச் சொன்னார். அந்த மனிதரை அங்கேயே அறைந்திருப்பேன். ஆனால் என் வாயிலும் அதுதான் வந்திருக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் நல்லா இருக்கோம் என்று சொல்லித்தானே நாம் வளர்ந்தோம். வந்தவர்கள் விருந்தாளிகள் அல்ல, மதிப்பெண் போட வந்தவர்கள் என்று இந்த இரண்டு மடையர்களுக்கும் புரியவில்லை.

சரி, நாங்கள்தான் மடையர்கள். வந்த மூன்று பேரில் ஒருத்திக்கு அந்த நாற்காலி எங்களுடையது இல்லை என்று தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பாயில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அந்த ஒருத்தி ஏன் வாயைத் திறக்கவில்லை?

மேல்முறையீடு எப்படிச் செய்வது என்று எழுது.

கிளாரிசா

*

பிரிக்பீல்ட்ஸ்
26 மார்ச் 2025

கிளாரிசா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூத்தவளுக்கு எழுதுகிற கடிதம் இப்படியா இருக்கும்?

முடிவு பாலனுடையது. என்னால் முடிந்தவரை பேசிப் பார்த்தேன். சுத்தமாக வை என்றால் சுத்தம்தான், கல்யாண வீடு மாதிரி ஆக்கச் சொன்னேனா? நாற்காலி இரவல் வாங்கச் சொன்னேனா? அரை டம்ளர் ஆரஞ்சு போதாதா, எதற்கு முழு கேக்? உனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் அளவோடு செய்யத் தெரியாது.

மேல்முறையீடு செய்தால் மாநில அலுவலகத்துக்குக் கோப்பு போகும், ஆளாளுக்குத் தோண்டுவார்கள். கொஞ்சம் பொறுத்திரு. ஜூலையில் புதிய மனு போடலாம். அதுவரை கென்னத் செக்கியூரிட்டி வேலைக்கு முயலட்டும். உட்காரத்தானே முடியாது, நிற்கலாமே. அரசாங்கம் போடும் என்று கையை நீட்டிக்கொண்டிருக்கிற புத்தி பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது. அதுதான் என் கவலை.

அத்தானிடம் ஒரு மூட்டை அரிசி கொடுத்தனுப்புகிறேன். அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்காதே. கோபத்தைக் குறைத்துக்கொள். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அக்கா பெர்னிஸ்

*

பண்டமாரான்
7 ஏப்ரல் 2025

அக்கா,

அரிசி வந்தது. பார்க்கிங் கிடைக்கவில்லை என்று அத்தான் மூட்டையைக் கீழே காவலாளியின் கார்டு போஸ்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மாடி ஏறி வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நல்லதுதான், பிரிட்ஜில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. கென்னத்தால் தூக்க முடியாது என்பதால் நானும் புஷ்பவல்லி அக்காவும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். அதனால் அக்கம்பக்கம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

அரிசியைத் திருப்பி அனுப்பப்போவதில்லை. ரோஷம் எனக்கு, பசி பிள்ளைகளுக்கு. இரண்டும் ஒரே பானையில் வேகாது.

போன வாரம் கென்னத் கிள்ளானுக்குப் போய் உன் மையத்துக்குக் கீழே இருக்கிற ஜபருல்லா கடையில் பாலனைப் பிடித்தார். சண்டை போடத்தான் போனார். பாலன் அவரை உட்காரச் சொல்லியிருக்கிறான், அப்புறம் முதுகு நினைவு வந்து அவனும் எழுந்து நின்றுகொண்டானாம். நின்றபடியே தே தாரிக் குடித்திருக்கிறார்கள். அவன் சொன்னதைக் கென்னத் அப்படியே வந்து என்னிடம் சொன்னார்.

"அண்ணே, என்னைத் திட்டாதீங்க. நான் குடுக்கலாம்னுதான் சொன்னேன். கேக்கைத் தின்னுட்டு இல்லைன்னு சொல்ல நான் என்ன மனுஷனா மாடா? சும்மா வாய்தான் எனக்கு ஜாஸ்தி. மேடம்தான் வேணாம்னுட்டாங்க. அது என் தங்கச்சி வீடு, குடுத்தா நாளைக்கு என் மேலதான் பேச்சு வரும், ப்ரொமோஷன் நேரம்னு சொன்னாங்க."

ஆக, பாலனுக்கு நான் உன் தங்கை என்று தெரியும். அந்த மலாய்க்காரப் பெண்ணுக்கும் தெரியுமாம். ஒரே மூக்கு, மறைக்கவா முடியும்? ஆபீஸ் முழுவதும் நான் உன் தங்கை. என் வீட்டுக்குள் மட்டும் நீ மேடம்.

முடிவு பாலனுடையது என்று எழுதினாயே. பேசிப் பார்த்தேன் என்று எழுதினாயே. பேசியிருக்கிறாய்தான். உன் பேச்சு நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

நான் வேறு எவளாகவாவது இருந்திருந்தால் கூடை கிடைத்திருக்கும். கேக், நாற்காலி எல்லாவற்றையும் மீறிக் கிடைத்திருக்கும். உனக்குத் தங்கையாகப் பிறந்ததுதான் என்னுடைய தகுதிக்குறைவு. சொந்தக்காரர்களுக்கு வாரிக் கொடுக்கிறவர்களை நாமெல்லாம் திட்டுகிறோம். அவர்களாவது ஒரு பக்கம் திருடி ஒரு பக்கம் ஊட்டுகிறார்கள். நீ உன் பெயர் வெள்ளையாக இருக்க என் பிள்ளைகளின் தட்டைக் கழுவி வைத்துவிட்டாய். இதற்கு உங்கள் ஆபீஸில் என்ன பெயர்? நேர்மையா?

மாநில அலுவலகத்துக்கு மேல்முறையீடு அனுப்பிவிட்டேன். பயப்படாதே, உன் பெயரை எழுதவில்லை. முதுகை எழுதினேன், டவுகேயை எழுதினேன், மெகியை எழுதினேன். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயைச் சேர்த்து வைத்தேன். எக்ஸ்ரே யார் வந்து கேட்டாலும் நல்லா இருக்கேன் என்று சொல்லாது.

கிளாரிசா

*

பிரிக்பீல்ட்ஸ்
28 ஏப்ரல் 2025

என் அன்புத் தங்கை கிளாரிசாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உன் குடும்பத்தில் தங்கட்டும். நல்ல செய்தி. உன் மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மே மாதத்திலிருந்து கூடை உண்டு.

பாலன் சொன்னது பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. பதினாறு வருடமாக அந்த மையத்தில் மற்றவர்களுக்குக் காப்பி கலக்கி, அவர்கள் எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் தடவையாக என் பெயரை மேலே அனுப்பியிருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இதை நீ புரிந்துகொள்வாய் என்று எதிர்பார்க்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

முதல் கூடையை நேரில் கொடுக்க மாநில அதிகாரி ஒருவர் வருகிறார். படம் எடுக்கிற ஆளும் வருவார். நிராகரித்த மனுவையே மறுபடி பார்த்து உதவி செய்த மையம் என்று எங்களைப் பற்றிப் பத்திரிகையில் வரும். அதனால் போன தடவை செய்த தவறைச் செய்துவிடாதே. நாற்காலி வேண்டாம், யாரும் உட்கார வேண்டாம். டிவி மேல் ஒரு துணியைப் போட்டு மூடு. பிள்ளைகளுக்குக் கோயில் உடுப்பு வேண்டாம், வீட்டில் போடுகிற பழையது போதும். கென்னத்தின் பெல்ட் சட்டைக்கு மேலே தெரியட்டும். சவரம் செய்ய வேண்டாம். கேக், ஆரஞ்சு எதுவும் கண்ணில் படக் கூடாது. படத்தைப் பார்த்தாலே நிலைமை புரிய வேண்டும்.

நான் முன்பு போலவே மேடம். அந்த அதிகாரிக்கு நாம் யாரென்று தெரியாது. தெரிந்தால் இவ்வளவும் வீணாகிவிடும். பாலனும் வாய் திறக்க மாட்டான், பேசிவிட்டேன்.

இது ஒன்று முடியட்டும், பிறகு நாம் உட்கார்ந்து பேசுவோம். புதுநன்மைக்கு வெரோனிகாவின் வெள்ளை உடுப்பை நான் தைத்துத் தருகிறேன். அளவு அனுப்பு.

உன் அக்கா,
பெர்னிஸ்

*

பண்டமாரான்
14 மே 2025

மதிப்புக்குரிய மேடம் அவர்களுக்கு,

கூடை கிடைத்தது. அரிசி நல்ல அரிசி, வண்டு இல்லை. எண்ணெய் போத்தல் ஒழுகவில்லை. அன்று மாலையே சார்டின் பிரட்டி, பிள்ளைகள் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். கூடையின் மேல் எனக்குக் கோபமில்லை. அது எங்களுக்குச் சேர வேண்டியது. யாரும் எங்களுக்குப் போட்ட பிச்சை அல்ல என்று எக்ஸ்ரேயைப் பார்த்தவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் எழுதியிருந்தபடி எல்லாம் செய்திருந்ததைக் கவனித்திருப்பீர்கள். நாற்காலி இல்லை. டிவி மேல் பழைய கைலி. கென்னத்தின் பெல்ட் சட்டைக்கு மேலே. யாருக்கும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பினேன். நீங்கள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தீர்கள். வெயிலில் மாடி ஏறி வந்ததில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அப்படித்தான் வாங்கும். என் கால் தானாக அடுப்படிப் பக்கம் ஒரு எட்டு வைத்தது. நிறுத்திக்கொண்டேன். மேடத்துக்கு ஆஸ்துமா இருப்பது பண்டமாரான் கிளாரிசாவுக்கு எப்படித் தெரியும்?

படம் பிடிக்கிறவர் என் தலையைக் கொஞ்சம் குனியச் சொன்னார். குனிந்தேன். "சிரிக்காதீங்க அக்கா" என்றார். நான் சிரிக்கவே இல்லை, என் முகம் அப்படி.

பிறகு அந்த அதிகாரி உங்களிடம் சும்மா பேச்சுக்குக் கேட்டார், இந்தக் குடும்பத்தை முன்பே தெரியுமா என்று. என்னைப் பார்த்தீர்கள். பாலன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். தெரியும் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பழக்கம் என்று சொல்லியிருக்கலாம். கோயிலில் பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்குப் போதும், அது பொய்யும் அல்ல.

"தெரியாது சார். விசிட்டுக்கு வந்தப்பதான் பார்த்தேன்."

வேதத்தில் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னவருக்குக் கூவியதுபோல் சேவல் கூவுமா என்று ஒரு கணம் காது கொடுத்தேன். எங்கள் பிளாட்டில் ஏது சேவல். கீழே ரோட்டில் ஒரு கண்டெய்னர் லோரி ஹாரன் அடித்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பி மேடத்துக்கு நன்றி சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆனால் என் நன்றியைவிட வெரோனிகா சொன்னதுதான் உங்கள் காதில் விழுந்திருக்கும். கைகளைக் கட்டிக்கொண்டு "தேங்க் யூ மேடம்" என்றாள். இந்தத் தடவை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மார்ச்சில் சொல்லிக் கொடுத்ததை அவள் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

சாப்பிடும்போது கேட்டாள்: "அம்மா, பெரியம்மாவை எப்பலேர்ந்து மறுபடி பெரியம்மான்னு கூப்பிடலாம்?" கென்னத் என்னைப் பார்த்தார். நான் அவள் தட்டில் இன்னொரு துண்டு சார்டின் வைத்தேன்.

பொறுப்பாளர் பதவி உங்களுக்கே கிடைத்துவிட்டதாக ஜபருல்லா கடையில் பேசிக்கொள்கிறார்களாம். வாழ்த்துகள். வெள்ளை உடுப்பு அனுப்ப வேண்டாம். புஷ்பவல்லி அக்கா தன் மெஷினில் தைக்கிறார். அவருக்குப் புதுநன்மை என்றால் என்னவென்றே தெரியாது. வெரோனிகாவின் தோள் அளவு தெரியும்.

புதுநன்மைக்கு நீங்கள் வரலாம். கோயில் கதவு யாருக்கும் பூட்டியிருப்பதில்லை. பூசை முடிந்து வீட்டில் கேக் வெட்டுவோம், ஆரஞ்சும் இருக்கும். நாற்காலிகளை மறுபடி இரவல் வாங்கிப் போடுவேன், யார் வந்து என்ன எழுதிக்கொண்டு போனாலும் சரி. ஆனால் கோயில் வாசலில் யாராவது உங்களைக் காட்டி, "அந்த இளநீலச் சேலை யாரு, உங்க சொந்தமா?" என்று கேட்டால், உங்களிடம் கற்றுக்கொண்டதைத்தான் நானும் சொல்வேன்.

"தெரியாது. கூடை குடுக்க வந்தப்பதான் பார்த்தேன்."

இப்படிக்கு,
பயனாளி
கிளாரிசா கென்னத்